குதிரைத்திறனும் குட்டிக் காரும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன், வெள்ளகவி)

எம்.ஜி. என்ற இரண்டு எழுத்துகளைக் கேட்டதும் ஒருவருக்கு மகாத்மா காந்தி சாலை நினைவுக்கு வரும். மற்றொருவருக்கு இன்னும் ஓர் எழுத்தைச் சேர்த்துச் சொல்லி முடிக்கத் தோன்றும். அவ்விரண்டு எழுத்துகள் எண்கோணச் சின்னத்துக்குள் அடங்கி, 2019-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுச் சாலைகளில் விற்கப்படும் பெரிய கார்களின் நெற்றியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை மோரிஸ் கரேஜஸ் என்பதன் சுருக்கம். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் இருந்த ஒரு கார் விற்பனைக் கடையின் பெயர் அது. அந்தப் பெயருக்கு முதன்முதலில் உலகப் புகழ் தேடித் தந்தது பெரிய கார் அன்று. இருவர் தோளோடு தோள் உரச உட்காரக்கூடிய ஒரு குட்டிக் கார். அதற்கு வைத்த பெயரே 'மிட்ஜெட்', அதாவது குள்ளன்.

மகிழுந்து, சிற்றுந்து என்று நம் தமிழ்ப் பேராசிரியர்கள் அழகான சொற்களைத் தந்திருக்கிறார்கள். எனினும் இக்கட்டுரையில் கார் என்றே எழுதுகிறேன். பிஸ்டன், சிலிண்டர், கியர் ஆகியவற்றையும் ஒர்க் ஷாப்பில் வழங்கும் பெயராலேயே குறிக்கிறேன். பொறுத்தருள்க.

முதல் உலகப் போர் 1918-இல் முடிந்தது. அதற்குப் பின் இங்கிலாந்தில் நடுத்தர வருவாயினர் குடும்பத்தோடு செல்ல விரும்பினால், மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் தொட்டில் போன்ற ஒரு பெட்டியைப் பூட்டிக்கொண்டு மழையில் நனைந்து செல்வதே வழக்கம். கார் என்பது சீமான்களின் உடைமை. அந்நிலையில் ஹெர்பர்ட் ஆஸ்டின் என்பார், மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்தில் நிற்கக்கூடிய ஒரு காரைச் செய்ய எண்ணினார். அவருடைய கம்பெனியோ கடனில் இருந்தது. இயக்குநர்கள் இசையவில்லை. ஆகவே அவர் தம் வீட்டிலேயே, பில்லியர்ட்ஸ் ஆடும் அறையில் வரைபலகையைப் போட்டு வேலையைத் தொடங்கினார். அந்த வரைபடங்களைத் தீட்ட அவர் அழைத்துக்கொண்ட ஆள் யார் தெரியுமா? ஸ்டான்லி எட்ஜ் என்ற பதினெட்டு வயது இளைஞர். நம் கல்லூரியில் முதலாண்டு வகுப்பில் உட்கார வேண்டிய வயது! நான்கு சிலிண்டர்கள் கொண்ட சிறிய எஞ்சினே வேண்டும் என்று முதலாளியிடமே வாதாடி ஒப்புக்கொள்ள வைத்தவர் அவர் என்பர். 1922-இல் வெளிவந்த அக்காரின் பெயர் ஆஸ்டின் செவன். நம் ஊர்ப் பெரியவர்கள் 'பேபி ஆஸ்டின்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1939 வரை ஏறத்தாழ 2,90,000 கார்கள் செய்யப்பட்டன. ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனி கார்த் தொழிலுக்குள் நுழைந்ததே, 1928-இல் இந்தக் காரை உரிமம் பெற்றுச் செய்துவந்த ஒரு தொழிற்சாலையை வாங்கித்தான்.

பேபி ஆஸ்டினுக்குப் போட்டியாக வில்லியம் மோரிஸ் 1928-இல் 'மைனர்' என்ற சிறிய காரைக் கொண்டுவந்தார். சைக்கிள் பழுது பார்ப்பதில் வாழ்க்கையைத் தொடங்கியவர் மோரிஸ். பிற்காலத்தில் அவருடைய நிறுவனத்தின் 'ஆக்ஸ்போர்டு' காரைத் தழுவியே நம் அம்பாசிடர் பிறந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் அடிசன் கம்பெனியார் விற்றதும் மோரிஸ் கார்களையே. மோரிசின் கடையை நடத்திவந்த செசில் கிம்பர் என்பவர், அந்த மைனர் காரின் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் எடுத்துக்கொண்டு, மேலே ஒட்டுப்பலகையால் படகு வடிவில் ஓர் உடலை அமைத்து, அதைத் துணியால் போர்த்தி, 175 பவுன் விலைக்கு விற்பனைக்கு வைத்தார். அதுதான் எம்.ஜி. மிட்ஜெட். பந்தயக் காரின் வேகத்தைச் சம்பளக்காரனுக்கும் எட்டும்படி செய்தது அது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை விற்றன.

இந்தக் கார் ஏன் இவ்வளவு சிறியதாக இருந்தது? சிக்கனம் ஒரு காரணம். ஆனால் மற்றொரு காரணம் இருக்கிறது. அதை அறிந்தபோதுதான் இக்கட்டுரையை எழுத வேண்டும் என்ற ஆவல் எனக்குப் பிறந்தது. இயற்பியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி அது.

குதிரைத்திறன் என்ற அலகை வகுத்தவர் ஜேம்ஸ் வாட். ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரத்துக்குத் தூக்கும் திறன் ஒரு குதிரைத்திறன். இன்றைய அலகில் 746 வாட். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் மட்டக்குதிரையின் மேல் காப்பி மூட்டையையும் வாழைத்தாரையும் ஏற்றி மலைப்பாதையில் நடந்தே வாழ்ந்தவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எந்தக் குதிரைப்பா? ஏத்தத்துலயா, எறக்கத்துலயா? சுமையோடயா, வெறுமனேயா?" என்றார். வேடிக்கையாகத் தோன்றினாலும் அந்தக் கேள்வி மிகச் சரியான கேள்வி. 1921-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் அதைக் கேட்டிருக்குமானால் கார்களின் வரலாறே வேறு விதமாகப் போயிருக்கும்.

அந்த ஆண்டு சனவரி முதல், கார் வைத்திருப்போர் ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு ஒரு பவுன் வீதம் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. சரி, குதிரைத்திறனை அளப்பது எப்படி? ஒவ்வொரு காரின் எஞ்சினையும் கழற்றி, ஓட்டிப் பார்த்து அளப்பது நடவாத காரியம். ஆகவே ராயல் ஆட்டோமொபைல் கிளப் முன்பே வகுத்து வைத்திருந்த ஒரு சூத்திரத்தை எடுத்துக்கொண்டார்கள். சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, அதன் வர்க்கத்தைச் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுத்தால் வருவது குதிரைத்திறன். முடிந்தது கணக்கு. அளவுகோல் ஒன்று இருந்தால் போதும், எஞ்சினைக் கிளப்ப வேண்டிய அவசியமே இல்லை.

இச்சூத்திரத்தில் எது இல்லை என்று பாருங்கள். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் இல்லை. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதும் இல்லை. பிஸ்டனின் சராசரி வேகம் எல்லா எஞ்சினுக்கும் நிமிடத்துக்கு 1,000 அடி (305 மீட்டர்) என்றும், உள்ளே எரியும் வாயுவின் அழுத்தமும் எங்கும் ஒன்றே என்றும் வைத்துக்கொண்டார்கள். சூத்திரம் பிறந்த காலத்து எஞ்சின்களுக்கு அது ஓரளவு பொருந்தியிருக்கும். ஆனால் உலோகமும் எண்ணெயும் ஆண்டுதோறும் திருந்தி வந்தன. சூத்திரம் மட்டும் அப்படியே நின்றது.

மிட்ஜெட்டை இச்சூத்திரத்தில் இட்டுப் பார்ப்போம். அதன் சிலிண்டர் விட்டம் 57 மில்லிமீட்டர், அதாவது 2.244 அங்குலம். வர்க்கம் 5.04. நான்கு சிலிண்டர். 2.5-ஆல் வகுத்தால் 8.06. ஆகவே அது 'எட்டுக் குதிரை' கார். ஆண்டு வரி 8 பவுன். ஆனால் சக்கரத்தைச் சுழற்றும் உண்மைத் திறனை அளந்தால் 20 குதிரைத்திறன்!

இது எப்படி நடந்தது? அதன் பிஸ்டன் செல்லும் தூரம் 83 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், பிஸ்டன் ஒரு சுற்றில் மேலும் கீழுமாக 166 மில்லிமீட்டர் செல்வதால், நிமிடத்துக்கு 664 மீட்டர் ஓடுகிறது. சூத்திரம் எழுதியவர்கள் நினைத்ததோ 305 மீட்டர். அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். மீதி வித்தியாசத்தை எரிதலின் அழுத்தம் ஈடு செய்தது. அளக்கப்படும் விட்டத்தைக் குறுக்கினார்கள். அளக்கப்படாத நீளத்தையும் வேகத்தையும் கூட்டினார்கள். உயரமாய், ஒல்லியாய், வேகமாய் ஓடும் எஞ்சின் பிறந்தது. சட்டத்தை மீறவில்லை, ஏமாற்றவும் இல்லை. விட்டத்துக்கு வரி போட்டார்கள், வரி போட்ட பொருளைக் குறைத்துச் செய்தார்கள், அவ்வளவே.

இதற்கு நேர்மாறான உதாரணம் அமெரிக்காவின் ஃபோர்டு டி மாடல் கார். அதுவும் இங்கிலாந்தில் மான்செஸ்டரில் செய்யப்பட்டு விற்கப்பட்டு வந்தது. அதன் சிலிண்டர் விட்டம் 3.75 அங்குலம். அதே கணக்கைப் போட்டால் 22.5 வரும். ஆண்டு வரி 23 பவுன். ஆனால் அதன் உண்மைத் திறனும் 20 குதிரைத்திறன்தான்! மிட்ஜெட்டின் எஞ்சின் 847 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்டது; ஃபோர்டின் எஞ்சின் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு எஞ்சின்களில் ஒன்றுக்கு எட்டுப் பவுன், மற்றொன்றுக்கு இருபத்துமூன்று பவுன். வெளிநாட்டுக் காரைத் தடுப்பதற்கு இந்த வரி நன்றாகவே உதவிற்று. ஆனால் இங்கிலாந்துப் பொறியாளர்களுக்கும் அது ஒரு விலங்காயிற்று. ஒல்லி எஞ்சினில் பெரிய வால்வுகளை வைக்க இடமில்லை. நீண்ட தூரம் ஓடும் பிஸ்டன் விரைவில் தேயும். வரியின் வீதம் 1935-இல் குறைக்கப்பட்டது. 1948 முதல் எல்லாக் காருக்கும் ஒரே வரி என்றாயிற்று. அதற்குப் பின்னரே அவர்கள் அகலமான எஞ்சினைத் தாராளமாகச் செய்தார்கள்.

மிட்ஜெட்டின் எஞ்சினில் இன்னொரு விநோதமும் உண்டு. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் எஞ்சினின் தலைமேல் இருந்தது. கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து மேலே சுழற்சியைக் கொண்டுபோக ஒரு நெட்டுத் தண்டு வேண்டும். மின்சாரத்துக்கு ஒரு டைனமோவும் வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன? டைனமோவைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் நடுத்தண்டையே அந்த நெட்டுத் தண்டாகப் பயன்படுத்திவிட்டார்கள். ஒரே தண்டு, இரண்டு வேலை. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் மேலே கேம் ஷாஃப்ட்டில் ஊற்றும் எண்ணெய், கீழே இருக்கும் டைனமோவுக்குள் ஒழுகத் தொடங்கியது. எண்ணெயில் குளித்த டைனமோ எப்படி மின்சாரம் தரும்? இக்காரை வைத்திருந்தவர்கள் எல்லா நாட்டிலும் பட்ட பாடு இது.

இனி மலைக்கு வருவோம். சமவெளியில் காரின் பெரும் பகைவன் காற்று. மலையிலோ பகைவன் அதன் சொந்த எடை. அங்கேதான் குட்டிக் காரின் அருமை தெரியும்.

தமிழர் வாழும் மலைநாடு ஒன்றிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. இலங்கையில் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை என்ற தேயிலைத் தோட்டத்துச் சாலையில் 1934-இல் மலையேற்றக் கார்ப் பந்தயம் ஒன்று தொடங்கப்பட்டது. ஒன்றையொன்று முந்துகிற பந்தயம் அன்று. ஒவ்வொரு காராகக் கீழிருந்து புறப்பட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பி, உச்சிக்குச் சேரும் நேரத்தைக் கணக்கிடுவார்கள். ஏப்ரல் மாதச் சீசனில் துரைமார் கூடி நின்று பார்ப்பார்கள். அந்தச் சாலையின் இருபுறமும் கொழுந்து பறித்தவர்கள், மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டுப் போனவர்களின் பிள்ளைகள். நம் பழனி மலையும் அந்நாளில் மதுரை ஜில்லாவில் சேர்ந்ததே.

நம் மலைக்கு மோட்டார் சாலை வந்த கதையும் அக்காலத்தையே ஒட்டியது. கொடைக்கானலில் அமெரிக்கப் பாதிரிமார் 1845-இல் வீடு கட்டினர். அன்று முதல் அறுபது எழுபது ஆண்டுகள் வரை, பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் மேலே போக முடியும். டோலியில் உட்கார்ந்தவர்கள் துரைமார்களும் துரைசானிகளும். தூக்கியவர்கள் நம் பாட்டன்மார்கள். 1875-இல் ரயில் பாதை போடப்பட்டு அம்மையநாயக்கனூர் நிலையம் 'கொடை ரோடு' ஆயிற்று. வத்தலக்குண்டு வழியாக மலைமேல் ஒரு சாலை போட 19-ஆம் நூற்றாண்டிலேயே வேலை தொடங்கி, இடையில் நின்று, 1910-களில்தான் முடிந்தது. மேஜர் லா என்ற பொறியாளரின் பெயரால் அதை லாஸ் காட் என்பர். அது பெருமாள்மலை, செண்பகனூர் வழியாக வளைந்து வளைந்து ஏறுகிறது. அதனோடு பழைய நடைபாதைகளில் துரைமார் போவது நின்றது. கும்பக்கரையிலிருந்து வட்டக்கானல் ஏறும் வழியில் இருக்கும் எங்கள் வெள்ளகவி, பாதை மாறிப் போனபின் அப்படியே நின்ற ஊர். கோயில்கள் நிறைந்த ஊர்; ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. நான் பள்ளியில் படித்த காலம் வரை அங்கே சக்கரம் வைத்த எதுவும் வந்ததில்லை.

மிட்ஜெட் கார் லாஸ் காட் போன்ற சாலையில் ஏறுவதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். காரின் எடை 500 கிலோ, இரண்டு பேரும் மூட்டையும் 150 கிலோ, ஆக 650 கிலோ. பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் என்று கொள்வோம். புவியீர்ப்பை எதிர்த்து 637 நியூட்டன் விசை வேண்டும். உராய்வுக்கும் காற்றுக்கும் இன்னொரு 140 சேர்த்துக்கொள்ளலாம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் ஏறத்தாழ பத்தரைக் குதிரைத்திறன் வேண்டும். கையில் இருபது இருக்கிறது. இரண்டு டன் எடையுள்ள பெரிய கார் அதே வேகத்தில் ஏற, உராய்வை விட்டுவிட்டாலும், 26 குதிரைத்திறன் வேண்டும். எடையைக் குறைத்தவன் எஞ்சினை வளர்க்க வேண்டியதில்லை.

ஆனால் மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். எஞ்சின் உறிஞ்சும் காற்று குறைந்தால் திறனும் அதே அளவு குறையும். இருபது குதிரை அங்கே பதினாறு ஆகிவிடும். மற்றொரு தொல்லை தண்ணீர். அக்காலத்துச் சிறு கார்களில் ரேடியேட்டர் தண்ணீரைச் சுழற்றப் பம்பு கிடையாது. சூடான நீர் தானே மேலெழும், குளிர்ந்த நீர் தானே கீழிறங்கும். சலனத்தையே நம்பிய ஏற்பாடு அது. கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். (மலையில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது என்று கேட்பவர்களுக்கும் இதுவே விடை.) ஆகவே பழைய கார்கள் ஏற்றத்தில் ஆவி கக்கி நிற்பதும், டிரைவர் தகர டப்பாவோடு ஓடையைத் தேடி இறங்குவதும் மலைச் சாலைகளில் சாதாரணக் காட்சி. பழைய காலத்துக் கார்களை நேரில் காண விரும்பும் நண்பர்கள், கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015-இல் திறந்த கார் காட்சியகத்துக்குப் போய் வரலாம்.

எங்கள் ஊர்ப் பாதையில் மிட்ஜெட் ஏறுமா என்று விளையாட்டாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் கியரில் எஞ்சின் சுமார் 17 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். எஞ்சினின் முறுக்கத்தை 17-ஆல் பெருக்கி, கியர்களில் வீணாவதைக் கழித்தால், சக்கரம் தரையைத் தள்ளும் விசை ஏறத்தாழ 1,500 நியூட்டன் வருகிறது. இந்த விசைக்கு ஐந்தடிக்கு ஓரடி ஏற்றம் கூட ஒரு பொருட்டன்று. பாதையில் பல இடங்கள் அந்த அளவுக்குள் அடங்கும். ஆனால் காரின் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் நடுவே மூன்றரை அடி இருக்கிறது. பாதை ஒரு குதிரை போகும் அகலமே.

அந்தக் குதிரையின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மட்டக்குதிரை 220 கிலோ, சுமை 80 கிலோ, ஆக 300 கிலோ. மணிக்கு 300 மீட்டர் உயரம் ஏறுகிறது என்று கொண்டால் அதன் திறன் 245 வாட். வாட் வகுத்த குதிரையில் மூன்றில் ஒரு பங்குதான். அப்பாவின் கேள்விக்கு இதுவே விடை: ஏத்தத்தில், சுமையோடு, நம் குதிரை.

ஊரில் ஒருவருக்கு உடல் நலம் கெட்டால் கம்பில் கம்பளியைக் கட்டி அதில் கிடத்தி, நான்கு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வட்டக்கானலுக்கு ஏறுவார்கள். இதற்கும் டோலி என்றே பெயர். நோயாளியும் கம்பும் கம்பளியும் சேர்ந்து 60 கிலோ, தூக்குகிற நால்வரும் ஆளுக்கு 60 கிலோ. கூட்டினால் அதே 300 கிலோ. குதிரையின் வேகத்திலேயே நடந்தார்கள் என்று வைத்துக்கொண்டால் அதே 245 வாட். இதில் ஐந்தில் நான்கு பங்கு தூக்குகிறவர்கள் தங்கள் உடலை மேலே கொண்டுபோகவே செலவாகிறது. நோயாளியை உயர்த்துவதற்கு மட்டும் ஆகும் திறன் 49 வாட். மிட்ஜெட்டின் எஞ்சினில் அது முந்நூறில் ஒரு பங்கு.